பதில் வராத மனு

மாசிக் கடைசி. ஒரு மழை பெய்து காப்பிப் பூ வெள்ளையாகப் பூத்திருந்த நேரம். மஞ்சக்குட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் வந்து நின்றான். பையன் என்கிறேன், வயது நாற்பதைத் தொட்டிருக்கும். ஆயுள் தண்டனைக் கைதி. எஸ்டேட்டில் வழுக்கி விழுந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டதால் விடுப்பில் வந்திருந்தான்.

"சார், நாளான்னிக்கு லீவு முடியுது. அம்மாவுக்கு இன்னும் ஆபரேஷனே ஆகல. நாள் நீட்டிக் கேட்டு தங்கச்சி மனு குடுத்து ஒம்பது நாளாச்சு. ஒரு பதிலும் இல்ல. பதில் வர்ற வரைக்கும் இங்கயே இருந்துட்டா என்ன சார்?"

என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. ஓய்வு பெறும்வரை நான் அரசு அலுவலகம் ஒன்றில் தபால் பிரிவு குமாஸ்தா. கைதிகளின் விடுப்பு மனு தொடர்பாக விசாரணை அறிக்கை கேட்டு வரும் கடிதங்கள் என் மேஜை வழியாகத்தான் போகும்.

"தம்பி, பதில் வரலைன்னா அனுமதி குடுத்துட்டாங்கன்னு அர்த்தமில்ல. குறிச்ச தேதியில, குறிச்ச நேரத்துக்கு முன்னாடி சிறை வாசல்ல நிக்கணும். ஒரு நாள் தவறினாலும் தலைமறைவுன்னு எழுதிடுவாங்க. அடுத்த தடவை கேக்கிறப்போ அந்த ஒரு வரி உன் குறுக்கே நிக்கும்" என்றேன். முகம் வாடிவிட்டது. உள்ளே இருந்து என் மனைவி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடிக்கவில்லை, டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தான்.

பரோல் என்று நாம் சொல்வதை நம் மாநிலத்தில் விடுப்பு என்பார்கள். 1982ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்தி வைப்பு விதிகளின்படி கொடுப்பது. மனுவுக்குப் பதில் வராதபோது என்ன செய்யலாம் என்பதற்கு நம் கண்முன்னே நடந்த உதாரணங்கள் உண்டு. வேலூர் சிறையிலிருந்த நளினி, மகள் கல்யாண ஏற்பாட்டுக்காக ஆறு மாத விடுப்புக் கேட்டு அதிகாரிகளுக்கு மனு கொடுத்தார். பதில் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2019 ஜூலையில் தானே நேரில் நின்று வாதாடினார். ஒரு மாதம் கிடைத்தது. பிறகு மூன்று வாரம் நீட்டிப்பு. அதற்குமேல் கேட்டது கிடைக்கவில்லை. செப்டம்பரில் திரும்பிப் போய்விட்டார். நான் அவனுக்குச் சொன்னது அந்தக் கடைசி வரியைத்தான். திரும்பிப் போனார்.

பேரறிவாளன் கதை இன்னும் நீளம். அவரை விடுவிக்கலாம் என்று தமிழக அமைச்சரவை பரிந்துரைத்தது 2018 செப்டம்பர் 9 அன்று. ஆளுநர் மாளிகை இரண்டு வருஷத்துக்கு மேல் முடிவு சொல்லாமல், 2021 ஜனவரியில் கோப்பைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியது. அந்த ஆண்டு மே மாதம் பரோலில் ஜோலார்பேட்டை வீட்டுக்கு வந்தார். மாதாமாதம் நீட்டிப்பு. கடைசியில் 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி விடுவித்தது. காரணம் சொல்லாத தாமதத்தை நீதிமன்றம் கேள்வி கேட்கலாம் என்பது அந்தத் தீர்ப்பில் தெளிவானது.

நம்மைப் போன்றவர்களுக்கு உச்ச நீதிமன்றம் தூரம். ஆனால் கீழ்ப்படிகள் இருக்கின்றன. அன்று திண்ணையில் அவன் தங்கையையும் வரவழைத்து எழுதிக் கொடுத்தேன்.

முதலில், பழைய மனுவின் தேதியைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டுக் கடிதம். மருத்துவச் சான்றின் நகலை இணைத்து, நேரில் கொடுத்தால் இன்னொரு நகலில் முத்திரை, தபாலில் என்றால் ஒப்புகை. கையில் ஒப்புகை இல்லாத மனு, கொடுக்காத மனு மாதிரிதான்.

இரண்டாவது, தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "இன்ன தேதி மனு இப்போது யாரிடம் இருக்கிறது, என்ன நடவடிக்கை?" என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம்.

மூன்றாவது, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்பது 1987 சட்டம். 15100 என்ற எண்ணுக்குப் பேசினாலும் வழி சொல்வார்கள். அந்த வக்கீல் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். "விடுப்புக் கொடு" என்று கேட்பதைவிட, "இந்த மனு மீது இத்தனை நாளில் முடிவெடுக்கச் சொல்லுங்கள்" என்று கேட்பது சுலபம். மாண்டமஸ் என்பார்கள்.

எழுதி முடித்ததும் அவன் கேட்டான்: "இதெல்லாம் செய்யறதுக்குள்ள அம்மாவுக்கு ஏதாவது ஆயிட்டா சார்?"

என்னிடம் பதில் இல்லை.

வேலையில் இருந்த காலத்தில் ஒரு கைதியின் மனைவி தினமும் வந்து நிற்பார். மகள் கல்யாணத்துக்கு அவர் விடுப்புக் கேட்டிருந்தார். "பதில் வந்துச்சாங்களா?" "மேலிடத்துல இருக்கும்மா" என்பேன். பன்னிரண்டாம் நாள் கட்டுகளை ஒதுக்கும்போது பார்த்தால், அந்த விசாரணைக் கடிதம் என் மேஜையிலேயே அடியில் கிடந்தது. அதற்குள் கல்யாணம் முடிந்திருந்தது. அந்த அம்மா அப்புறம் வரவில்லை. நான் யாரிடமும் சொல்லவும் இல்லை. இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

அவன் சொன்ன தேதியில் போய்விட்டான். காலை பஸ்ஸில் நானும் கூடப் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கை நினைவூட்டுக் கடிதம் கொடுத்தாள், சட்ட உதவி வக்கீலையும் பார்த்தாள். வழக்குப் போடும் முன்பே, பதினெட்டாம் நாள் பதில் வந்தது. சித்திரையில் மறுபடி வந்தான். ஆபரேஷன் முடிந்து அம்மா குச்சி ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தார்.

இந்த முறை காப்பியைக் குடித்தான். முத்திரை விழுந்த நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்ததை எடுத்துக் காட்டினான். "பத்திரமா வெச்சுக்க" என்றேன்.

அலுவலகத்தில் இன்றும் தபால் பிரிவில் உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கைகள் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சாயங்காலம் கிளம்பும் முன் மேஜையில் கிடக்கும் கட்டை ஒருமுறை அடிவரை புரட்டிப் பாருங்கள்.