கிணற்றை விட்டுவிட்டு ஆலையை அடிக்கிறார்கள்

மார்ச் 13, 2024

நேற்று நிஷ்னி நோவ்கரோத் பக்கம் கிஸ்தோவோவில் லூக்காயில் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை. இன்று ரியாசானில் ரோஸ்நெஃப்ட் ஆலை. மாஸ்கோவிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர்தான். ரஷ்ய அதிபர் தேர்தலுக்கு இன்னும் இரண்டு நாள். தேர்தலைக் குலைக்கத்தான் உக்ரைன் ட்ரோன்களை அனுப்புகிறது என்கிறார் புதின். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் உஸ்த்-லூகாவிலும் துவாப்சேயிலும் உள்ள ஆலைகளில் ஜனவரியிலேயே ட்ரோன் விழுந்து தீப்பிடித்தது. தேர்தல் முடிந்தால் நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மார்ச் 14

எண்ணெய்தான் ரஷ்யாவின் வருமானம் என்றால் கிணற்றை அல்லவா அடிக்க வேண்டும் என்று அலுவலகத்தில் ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. பெரும்பாலான கிணறுகள் மேற்கு சைபீரியாவில், எட்டாத தூரத்தில், ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடக்கின்றன. ஒன்று போனால் இன்னொன்று. ஆலைகள் அப்படியல்ல. சமாரா, சிஸ்ரான், சரடோவ், வோல்கோகிராட் என்று வோல்கா ஆற்றை ஒட்டி, மக்கள் நெருங்கி வாழும் பக்கமாக, சோவியத் காலத்தில் கட்டியவை. அவற்றை இடம் மாற்றவும் முடியாது, மறைக்கவும் முடியாது.

ஆலைக்குள்ளும் எல்லா இடமும் ஒன்றல்ல. சேமிப்புத் தொட்டி எரிந்தால் புகை வானை முட்டும், எங்கள் பத்திரிகைக்கு அட்டைப்படம் கிடைக்கும். ஆனால் தொட்டியை மறுபடி கட்டுவது பெரிய காரியமில்லை. கச்சா எண்ணெயைச் சுமார் 350 டிகிரிக்குக் காய்ச்சி, பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று பிரித்தெடுக்கிற கோபுரம்தான் உயிர்நிலை. அது நின்றால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் நிற்கும். ட்ரோன் சுமந்து போவது ஐம்பது கிலோ சொச்சம் வெடிமருந்து. மிச்ச வேலையை ஆலையில் இருக்கும் எண்ணெயே எரிந்து முடித்துவிடுகிறது.

கிஸ்தோவோ ஆலையில் இந்த ஜனவரியில் எந்தத் தாக்குதலும் இல்லாமலே ஒரு கம்ப்ரசர் பழுதாகி, பெட்ரோல் உற்பத்தி சரிந்தது. அமெரிக்கத் தொழில்நுட்பத்தில் அமைந்த பகுதி. பொருளாதாரத் தடை இருப்பதால் உதிரி பாகத்துக்கு அலைய வேண்டியதாயிற்று. கீவில் இருப்பவர்கள் இதை உன்னிப்பாகப் படித்திருப்பார்கள்.

மார்ச் 16

இன்று சிஸ்ரான் ஆலை. பெட்ரோல் ஏற்றுமதிக்கு மார்ச் 1 முதலே ரஷ்யா ஆறு மாதத் தடை போட்டிருக்கிறது.

மார்ச் 22

ஆலைகளை அடிப்பதை நிறுத்தும்படி அமெரிக்கா உக்ரைனிடம் சொல்லியிருப்பதாக ஃபைனான்ஷியல் டைம்ஸ் செய்தி. உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறுமாம், ரஷ்யா பதிலடி கொடுக்குமாம். நவம்பரில் அங்கே தேர்தல் என்பதைச் செய்தியைப் படிக்கிறவர்களே சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

விலைக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. வடிக்க முடியாத கச்சாவை ரஷ்யா கப்பலேற்றத்தானே வேண்டும்? அப்படியானால் சந்தையில் கச்சா கூடத்தான் செய்யும். டீசல் விலை ஏறலாம், அது வேறு வழக்கு. அந்தக் கச்சாவை வாங்கி வடிப்பதில் நாம்தான் முன்வரிசையில் நிற்கிறோம். ரியாசான் ஆலைக்குச் சொந்தக்காரரான ரோஸ்நெஃப்டுக்குக் குஜராத்தின் வாடினார் ஆலையிலும் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு இருக்கிறது.

பதிலடியோ இன்று காலையே வந்துவிட்டது. சாப்பரீஷியாவில் தினீப்பர் அணையின் நீர்மின் நிலையம் அடிபட்டது. கார்கிவ் நகரம் இருண்டு கிடக்கிறது. ஆனால் 2022 அக்டோபரிலிருந்தே ரஷ்யா மின் நிலையங்களை அடித்துக்கொண்டிருக்கிறது. அப்போது எந்த ஆலைக்குப் பதிலடி?

மார்ச் 24

பழைய போர் ஒன்றைப் புரட்டினேன். 1943 ஆகஸ்ட் 1 அன்று ருமேனியாவின் ப்ளோயெஷ்டி எண்ணெய் ஆலைகளை அழிக்க 177 அமெரிக்க விமானங்கள் லிபியாவிலிருந்து கிளம்பின. ஐம்பதுக்கும் மேற்பட்டவை திரும்பவில்லை. அங்கே ஏற்கெனவே ஓடாமல் கிடந்த உபரித் திறனை வைத்து ஜெர்மானியர்கள் சில வாரங்களில் சமாளித்துவிட்டார்கள். 1944 மே மாதம் முதல், லாய்னா போன்ற செயற்கை எரிபொருள் ஆலைகளைப் பழுதுபார்த்து முடிப்பதற்குள் மறுபடி மறுபடி அடித்தபோதுதான் ஜெர்மன் விமானப்படைக்குப் பெட்ரோல் வற்றியது. ரஷ்யாவிடமும் உபரித் திறன் தாராளமாக இருக்கிறது. அதனால் எத்தனை ஆலைகள் எரிந்தன என்று எண்ணிப் பயனில்லை. எரிந்தது திரும்ப ஓடத் தொடங்கும்போது இன்னொரு ட்ரோன் அங்கே போகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 2

தாதர்ஸ்தான்! உக்ரைன் எல்லையிலிருந்து 1,100 கிலோமீட்டருக்கு அப்பால். நிஷ்னிகாம்ஸ்க் ஆலையில் சேதம் குறைவு, தீயைச் சீக்கிரமே அணைத்துவிட்டார்கள். ரஷ்யா உக்ரைன் மீது ஏவுகிற ஷாஹெட் ட்ரோன்களைச் செய்யும் யெலாபுகா வளாகத்தில் விழுந்தது, ஆளில்லாமல் பறக்க மாற்றியமைத்த சின்ன விமானம். இனி அவ்வளவு உள்ளே இருக்கும் ஆலைக்கும் பான்ட்சிர் போன்ற வான்காப்பு ஆயுதம் வேண்டும். அது போர்முனையிலிருந்தோ மாஸ்கோவிலிருந்தோதான் வர வேண்டும். குறி தப்பினாலும் இந்த லாபம் கிடைத்துவிடுகிறது.

ராய்ட்டர்ஸ் கணக்குப்படி மார்ச் முடிவில் ரஷ்யாவின் சுத்திகரிப்புத் திறனில் சுமார் 14 சதவீதம் முடங்கியிருந்தது. பெலாரஸிலிருந்து பெட்ரோல் வரத்து கூடியிருக்கிறது.

ஏப்ரல் 17

கீவ் வட்டாரத்துக்கு மின்சாரம் தந்த திரிபில்யா அனல்மின் நிலையம் 11ஆம் தேதி முழுவதும் அழிந்தது. எப்படி என்று ஸெலன்ஸ்கி சொல்லியிருக்கிறார்: 11 ஏவுகணைகள் வந்தன, ஏழை வீழ்த்தினோம், மீதி நான்கு நிலையத்தை அழித்தன, எங்களிடம் தடுப்பு ஏவுகணை தீர்ந்துபோயிருந்தது.

ரஷ்யா பெட்ரோலைப் பக்கத்து நாட்டில் வாங்கிச் சமாளிக்கும். எரிந்த ஆலைகளில் சில அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டன. ஓர் அனல்மின் நிலையத்தை அப்படி வாங்கிக்கொண்டுவர முடியாது. வேறொருவர் நாட்டுக்குள் ஆயிரம் கிலோமீட்டர் பறக்கிற ட்ரோனை உக்ரைனே செய்துகொள்கிறது. தன் தலைக்கு மேல் வருவதைத் தடுக்கிற ஏவுகணையை அமெரிக்காவிடம் கேட்டு நிற்கிறது. ஆலைகளை அடிக்காதே என்று சொல்ல வாஷிங்டனுக்கு நேரம் இருந்தது. சுமார் 6,000 கோடி டாலர் உதவி மசோதா பிரதிநிதிகள் சபையில் இன்றுவரை வாக்கெடுப்புக்கு வரவில்லை.