புதுக் காரும் ஓர் அமானிதமும்



புதிய வாகனத்தை முதல் சில நூறு கிலோமீட்டர் வரை அடக்கி ஓட்ட வேண்டும் என்பது நம் பகுதியில் புல்லட் வைத்திருந்த பெரியவர்கள் எல்லோரும் அறிந்த செய்தி. 'ரன்னிங் இன்' என்பது அதற்குப் பெயர். இன்றைய இளைஞர்களில் பலர் அதை நம்புவதில்லை. பழைய இரும்பு எஞ்சின் காலத்துக் கதை என்கிறார்கள். இன்னும் சிலர், முதல் நாளே முழு வேகத்தில் ஓட்டினால்தான் எஞ்சின் பதப்படும் என்று அடித்துச் சொல்கிறார்கள். மெக்கானிக் கடையில் பேசித் தீர்க்க வேண்டிய இந்த விவகாரத்தில் மதரஸா ஆசிரியருக்கு என்ன வேலை என்று வாசகர்கள் நினைக்கலாம். துபாயிலிருந்து ஓர் அழைப்பு வரும்வரை நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

அழைத்தவர் கம்மாபுரத்தில் நம்மிடம் ஓதிய மாணவர். அங்கே ஓர் அரபி வீட்டில் ஓட்டுநராக இருக்கிறார். அந்த வீட்டில் புதிதாக ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். முதலாளி சாவியையும் கையேட்டையும் இவரிடம் கொடுத்து, 2000 கிலோமீட்டர் முடியும்வரை இதில் உள்ளபடியே ஓட்டு என்று சொல்லிவிட்டு வெளியூர் போய்விட்டார். முதலாளியின் மகனோ இரவில் பக்கத்தில் ஏறி அமர்ந்துகொண்டு, "முழுதாக மிதி" என்கிறான். "ஹஜ்ரத், மகன் பேச்சைக் கேட்டால் அத்தாவுக்குத் துரோகம். கேட்காவிட்டால் வேலைக்கே ஆபத்து. அந்தக் கையேட்டில் இருப்பது உண்மையிலேயே தேவைதானா? தேவையில்லை என்று யாராவது சொன்னால் மனசு லேசாகும்" என்றார்.

அவர் கேட்டதில் ஃபத்வா பாதி, எஞ்சின் பாதி. எஞ்சின் பாதியைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும் என்பது சூரா அந்நஹ்ல் நமக்குக் காட்டும் வழி. ஆகவே விருத்தாசலம் சென்று, பல ஆண்டுகளாகப் புல்லட் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிவரும் மெக்கானிக் ஒருவரிடம் விசாரித்தோம். 1955-இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்பீல்டு இந்தியா, திருவொற்றியூரில் தயாரித்த வார்ப்பிரும்புச் சிலிண்டர் வண்டிகளில்தான் அவர் தொழில் பழகியவர். ரீபோர் செய்து கொடுக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் ரன்னிங் இன் சொல்லியே அனுப்புவாராம்.

அவர் விளக்கியது இது. சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருப்பதில்லை. குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே போட்டிருப்பார்கள். அந்தக் கீறல்களில் ஆயில் தங்கும். கீறல்களின் மேடுகளும் பிஸ்டன் ரிங்கும் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து பொருந்திய பிறகே ரிங் சுவரோடு முழுதாக ஒட்டும். பொருந்தும் முன்பே அளவுக்கு மீறி முறுக்கினால் உரசும் இடம் கடுமையாகச் சூடேறும். முற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இதுவரை நாமும் ஊகித்திருந்தோம். அடுத்து அவர் சொன்னதுதான் புதிது. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எரிவாயுவின் அழுத்தம். மிகவும் மெதுவாக, எஞ்சினுக்குப் பாரமே தராமல் ஓட்டிக்கொண்டிருந்தால் அந்த அழுத்தம் போதாமல் ரிங் பொருந்தாது. ஆயில் எரிந்து சுவரில் மெருகுபோல் படிந்துவிடும். பிறகு வண்டி ஆயில் குடிக்கும், நீலப்புகை விடும். ஆக, 'அடித்து ஓட்டு' என்போர் சொல்வதிலும் ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் பாரம் கொடுப்பது வேறு, முதல் நாளே உச்சத்தில் வைத்து மிதிப்பது வேறு.

நம் பீங்கான் சூளைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பச்சைப் பொருளை எடுத்தவுடன் கடுமையாகச் சூடேற்றினால் உள்ளிருக்கும் ஈரம் நீராவியாகி வெடித்துவிடும். அதற்குப் பயந்து இளஞ்சூட்டிலேயே வைத்திருந்தால் காலத்துக்கும் அது பீங்கான் ஆகாது.

இன்றைய எஞ்சின்களின் உட்சுவர் முன்பைவிட மிக நுட்பமாகக் கடையப்படுகிறது, அதனால் பழைய அளவுக்குக் கட்டுப்பாடு வேண்டியதில்லை என்பதும் உண்மைதான். ஆயினும் விலை உயர்ந்த கார்களைச் செய்பவர்களே இந்த வழக்கத்தை விடவில்லை. போர்ஷே 911 கையேடுகள் முதல் 3000 கிலோமீட்டரைக் குறிப்பிடுகின்றன. பி.எம்.டபிள்யூ.வின் எம் வகைக் கார்கள் பலவற்றில் 2000 கிலோமீட்டர் வரை நிமிடத்துக்கு 5500 சுழற்சியையும் 170 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டக் கூடாது. அதன்பின் ஆயில் மாற்றத் தனி சர்வீஸ் உண்டு. 170 என்றதும் நமக்குச் சிரிப்பு வந்தது. கம்மாபுரம் சாலையில் யாரும் அதைக் கண்டதில்லை. துபாய் சாலைகளில் அனுமதிக்கப்படும் உச்ச வேகமும் அதைவிடக் குறைவுதான். எஞ்சின் மட்டுமல்ல, புது டயரின் வழவழப்பு போகவும் பிரேக் படியவும்கூட சில நூறு கிலோமீட்டர் ஆகும்.

இனி ஃபத்வா பாதி. கார் முதலாளியுடையது. ஓட்டுநரின் கையில் அது அமானிதம். வரம்பு மீறாமல், கவனக்குறைவு இல்லாமல் வேலை செய்த கூலியாள்மீது சேதத்துக்கு இழப்பீடு இல்லை என்பது ஃபிக்ஹு நூல்களின் பொதுவான நிலை. ஆனால் உரிமையாளர் தெளிவாக இட்ட நிபந்தனையை மீறினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். கையேடு தேவையா இல்லையா என்ற விவாதமே இங்கே எழுவதில்லை. நூறு பேர் தேவையில்லை என்று சொன்னாலும் பொருளுக்கு உரியவர் சொன்னதே செல்லும். இத்தகைய கார்களின் கணினி, எஞ்சின் எவ்வளவு சுழன்றது என்பதைப் பதிந்து வைக்கிறது என்பதையும் சொன்னோம். வாரண்டிப் பேச்சு வரும்போது மகன் எழுந்து வந்து சாட்சி சொல்லப் போவதில்லை.

"அப்படியானால் அத்தாவிடம் சொல்லிவிடட்டுமா?" என்று கேட்டார். இது எளிய கேள்வியல்ல. தந்தைக்கும் மகனுக்கும் இடையில் கோள் சொல்வது பெரும் பாவம். அமானிதம் பாழாவதைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருப்பதும் தகாது. மகனுக்குத் தெரியாமல் எதுவும் செய்ய வேண்டாம் என்றோம். "உங்கள் அத்தா அனுமதித்தால் ஓட்டுகிறேன், இப்போதே போன் போட்டுக் கேட்போம்" என்று அவன் முகத்துக்கு நேரே மரியாதையாகச் சொல்லச் சொன்னோம். முதலாளி சரி என்றால் எஞ்சின் அவர் பொருள், அவர் பாடு. பொதுச் சாலையில் சட்டத்தை மீறிப் பறக்க மட்டும் அவராலும் அனுமதி தர முடியாது. பிறர் உயிர் அவர் சொத்தல்ல.

நம் மாணவர் எப்படி ஓட்டிவந்தார் என்றும் கேட்டறிந்தோம். பயத்தில் எப்போதும் 60-லேயே, உயர்ந்த கியரில் உருட்டிக்கொண்டிருந்தாராம். முதலாளி புறப்படும் முன் அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போட்டு வைப்பாராம். மெக்கானிக் கணக்கில் இரண்டும் தவறு. வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும், நின்ற இடத்தில் நெடுநேரம் ஓடவிடக் கூடாது என்று கையேட்டின் அதே பக்கத்தில் எழுதியிருந்தது. அவர் வேகத்தின் எண்ணை மட்டும் படித்துவிட்டு மூடியிருக்கிறார்.

மகன் போன் போடச் சம்மதிக்கவில்லை. மிதிக்கச் சொல்வதையும் அதன்பின் நிறுத்திக்கொண்டான்; முகம் கொடுத்துப் பேசுவதும் இல்லையாம். சென்ற வாரம் கார் 2000-ஐக் கடந்து, ஆயில் மாற்றி வந்திருக்கிறது. ஏ.சி.க்காக ஓடவிடாமல் கூரை உள்ள இடத்தில் நிறுத்திப் பார்க்கிறார். அரபி நாட்டு வெயிலுக்கு அது போதவில்லை என்று முதலாளி முணுமுணுக்கிறாராம். அதற்கு நம்மிடம் பதில் இல்லை.