இருக்கை உறுதியில்லை

காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிய வீடியோ அழைப்பு பதினொரு நிமிடத்தில் முடிந்தது. டீமில் ஏழு பேருக்கு வேலை இல்லை. அதில் நானும் ஒருவன். அழைப்பு முடிந்த கையோடு லேப்டாப் தானாகவே பூட்டிக்கொண்டது. கறுத்துப்போன திரையில் என் முகமும், முதுகுக்குப் பின்னால் இருந்த மீன்தொட்டியின் வெளிச்சமும் தெரிந்தன. திரும்பிப் பார்த்தேன். மீன் வாயில் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

எச்1பி விசாவில் அமெரிக்காவில் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாள் அவகாசம். அதற்குள் இன்னொரு நிறுவனம் நமக்காக மனுப் போட வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த கதைதான், விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த 60 நாளில் என்ன செய்தாய் என்று கேட்டால், ரெஸ்யூமே அனுப்பிய நேரத்தைவிட அந்த மீனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்தான் அதிகம் என்று சொல்ல வேண்டும். மனைவி ஒருநாள் கேட்டாள், "நீ இன்டர்வியூவுக்குப் படிக்கிறியா, மீனுக்குப் படிக்கிறியா?"

மீனுக்குத்தான்.

அது மஞ்சள்தலைத் தாடைமீன். ஃபுளோரிடாவிலிருந்து கரீபியன் வழியாகத் தென்னமெரிக்காவின் வடகரை வரைக்கும் வாழ்கிற மீன். நாங்கள் இருந்த ஃபோர்ட் லாடர்டேலுக்கு அது உள்ளூர்க்காரன், நாங்கள்தான் வெளியூர். முழுதாக வளர்ந்தால் 10 சென்டிமீட்டர். தலை வெளிர்மஞ்சள், உடம்பு முத்துப்போல ஒரு நீலம். பெரிய கண்கள் தலையின் உச்சியில் முன்பக்கமாக இருப்பதால் எப்போதும் திடுக்கிட்டதுபோல ஒரு முகம். பகலெல்லாம் தன் வளைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், வால் கீழே தலை மேலே என்று செங்குத்தாக மிதந்துகொண்டு, நீரோட்டத்தில் வரும் நுண்ணுயிர்களைக் கொத்தித் தின்னும். நாம் கையை வேகமாக அசைத்தால் போதும், வால் முதலில் போக, ரிவர்ஸ் கியரில் வளைக்குள் இறங்கிவிடும். பிறகு கண்கள் மட்டும் வெளியே தெரியும்.

வளை என்றால் சும்மா மணலில் ஒரு ஓட்டை இல்லை. மணலில் ஓட்டை நிற்காது, சரிந்துவிடும். கடற்கரையில் குழி தோண்டிய எல்லாருக்கும் இது தெரியும். அதனால் தாடைமீன் கல்கட்டு வேலை செய்கிறது. வாய் நிறைய மணலை அள்ளி வெளியே வந்து துப்பும். பிறகு சிப்பித் துண்டு, பவளத் துண்டு, கூழாங்கல் என்று ஒவ்வொன்றாகத் தாடையில் கவ்விக்கொண்டு வந்து, குழியின் கழுத்தைச் சுற்றிச் செருகும். சரியாக உட்காரவில்லை என்றால் எடுத்துத் திருப்பி வைக்கும். கழுத்துக்குக் கீழே கொஞ்சம் அகலமான ஒரு அறை. பொழுது சாயும்போது ஒரு கல்லையோ சிப்பியையோ இழுத்து வாசலை மூடிக்கொண்டு உள்ளே போய்விடும். பேட்ரிக் காலின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1973இல் இந்த மீன் வளை தோண்டுவதைப் பற்றி மட்டுமே தனியாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். அவர்மேல் எனக்குப் பொறாமை. ஒரு மீன் குழி தோண்டுவதைப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கியிருக்கிறார் மனுஷன்.

கட்டுமானம் முடிவதே இல்லை என்பதுதான் என்னைக் கட்டிப்போட்டது. நேற்று வைத்த கல்லை இன்று எடுக்கும். சரிந்த மணலை மறுபடி அள்ளும். காட்டில், அதாவது கடலில், இவை கூட்டமாக வளை தோண்டி வாழ்பவை. பக்கத்து வீட்டுக்காரன் அசந்த நேரத்தில் அவன் கல்லை எடுத்துக்கொண்டு வருவதும் உண்டு. என் தொட்டியில் ஒரே ஒரு மீன்தான், திருட யாரும் இல்லை. தன் கல்லையே எடுத்துத் தானே இடம் மாற்றிக்கொண்டிருந்தது.

வேலை போனதை ஊருக்குச் சொல்லவில்லை. ஆனால் கோவில்பட்டியிலிருந்து அம்மா வீடியோவில் வரும்போது, காலை பத்து மணிக்கு நான் லுங்கியோடு உட்கார்ந்திருப்பதை எவ்வளவு நாள் மறைக்க முடியும்? பேச்சை மாற்ற கேமராவைத் தொட்டிப் பக்கம் திருப்பினேன்.

"மீனு வளக்கியாய்யா? இதென்ன மீனு, இப்படி முழிக்கி?"

தாடைமீன் என்று சொன்னால் அம்மாவுக்கு என்ன புரியும்? வளைக்குள் இருக்கும், வாயில்தான் முட்டையை வைத்துப் பொரிக்கும், அதுவும் ஆண் மீன்தான் வைத்திருக்கும் என்று விளக்கினேன்.

"அப்ப நம்ம கம்மாய் ஜிலேபி மாதிரின்னு சொல்லு. அதுவுந்தான் வாய்க்குள்ள குஞ்சு வச்சிருக்கும். கழுவும்போது வாயைத் தொறந்தா பொலபொலன்னு கொட்டும்."

இல்லைம்மா, அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்து விட்டார்கள், நன்னீர் மீன், அதில் முட்டையைச் சுமப்பது பெண் மீன், இது கடல் மீன், சம்பந்தமே இல்லை என்று இன்ஜினியர் தோரணையில் திருத்தினேன். "சரிய்யா, நீ படிச்சவன்" என்றாள். அந்தத் தொனி எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிரவு உட்கார்ந்து இந்த மீன் எந்தக் குடும்பம், யாருக்கு யார் உறவு என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் பெயர். தாடைமீன்களின் முக்கியப் பேரினத்துக்கு 1816இல் பெயர் வைத்தவர் பிரான்சின் ஜார்ஜ் குவியே. ஒபிஸ்டோக்னாதஸ். கிரேக்கத்தில் 'பின்னால்', 'தாடை' என்ற இரண்டு சொற்களை ஒட்டியது. மேல்தாடை எலும்பு கண்ணையும் தாண்டிப் பின்னால் போகிறது அல்லவா, அதற்காக. ஆனால் கிரேக்கச் சொல்லை ரோமன் எழுத்தில் எழுதும்போது வரவேண்டிய ஒரு 'எச்' விடுபட்டுவிட்டது. பின்னால் வந்த சிலர் அந்த எச்சைச் சேர்த்து எழுதிப் பார்த்தார்கள். விலங்கியல் பெயரிடல் விதி ஒப்புக்கொள்வதில்லை. எழுத்துப்பெயர்ப்பில் செய்த தவறைத் தவறென்று எடுத்துக்கொள்ளக் கூடாது, முதலில் எப்படி எழுதினாரோ அப்படியே இருக்கட்டும் என்கிறது. 200 வருஷத்துக்கு மேல் அந்தப் பிழைதான் சரியான பெயர். எங்கள் தொழிலிலும் ஒன்று உண்டு. இணையப் பக்கம் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் 'ரெஃபரர்' என்ற ஹெடரில் நாலு 'ஆர்' இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருக்கும். 1990களில் யாரோ செய்த பிழை. இன்று அதைத் திருத்தினால் பாதி இணையம் உடையும். குவியே எனக்கு அன்று முதல் சக ஊழியர்.

அடுத்து வகைப்பாடு. 80க்கும் மேற்பட்ட இனங்கள், மூன்று நான்கு பேரினங்கள். பெரும்பாலானவை ஒபிஸ்டோக்னாதஸில். ஸ்டாலிக்ஸ் என்ற பேரினத்தில் முதுகுத் துடுப்பின் முன்முட்கள் நுனியில் கவண்கோல் மாதிரிப் பிளந்திருக்கும். லொங்கோபிஸ்தஸுக்கு ஈட்டிபோல நீண்ட வால். எல்லாவற்றுக்கும் பொதுவான அடையாளம் நாம் நினைக்கும் வாய் இல்லை. வயிற்றுத் துடுப்பு. அதன் ஐந்து கதிர்களில் வெளிப்பக்கம் இரண்டு தடித்து, கிளைக்காமல் இருக்கும். உட்பக்கம் மூன்று மெலிந்து கிளைத்திருக்கும். பக்கக்கோடு முதுகை ஒட்டி மேலே ஓடிப் பாதியிலேயே நின்றுவிடும். இதையெல்லாம் கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்து வாழ்க்கையைக் கழித்தவர் வில்லியம் ஸ்மித்-வானிஸ். 2012இல் மேற்கிந்தியப் பெருங்கடலிலிருந்து ஒரு புதிய தாடைமீனை விவரித்தார். சிறுத்தை என்ற பொருளில் பார்டஸ் என்று பெயர். கூட எழுதியவர்கள் பினீஷ், அகிலேஷ் என்ற இரண்டு இந்திய ஆய்வாளர்கள். 2023இல் இந்தோ-மேற்கு பசிபிக் தாடைமீன்கள் மொத்தத்தையும் மறுபரிசீலனை செய்து ஒரே நூலில் 18 புதிய இனங்களைச் சேர்த்தார்.

ஸ்டாலிக்ஸ் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. இந்தோனேசியாவின் லெம்பே நீரிணையில் 2011இல் கோடேஹார்ட் கோப் என்பவர் ஒரு வீடியோ எடுத்தார். மற்ற பிராணிகளைப்போல வேஷம் போடுவதற்குப் பேர்போன மிமிக் ஆக்டோபஸ் மணலில் போய்க்கொண்டிருக்கிறது. அதன் வரிவரியான கைகளுக்கு நடுவே, அதே வரிகளோடு, ஒரு குட்டித் தாடைமீன் கூடவே ஒட்டிக்கொண்டு போகிறது. வளையை விட்டு வெளியே வரவே பயப்படுகிற மீன், வேஷக்காரனையே வேஷம் போட்டு ஊர் சுற்றுகிறது. முதலில் பார்த்தபோது மனைவியை எழுப்பிக் காட்டினேன். மணி இரவு ஒன்றரை. அவளுக்கு அவ்வளவு சுவாரஸ்யமாக இல்லை.

சரி, யாருக்கு உறவு? நீண்ட காலம் இவை பெர்ச் வரிசை என்ற பெரிய கிடங்கில் கிடந்தன. எங்கே வைப்பதென்று தெரியாத ஃபைலையெல்லாம் போடும் ஃபோல்டர் எல்லா ஆபீஸிலும் இருக்குமே, அந்த மாதிரி. 1990இல் ரிச்சர்ட் மூய் மீனை விட்டுவிட்டு முட்டையைப் பார்த்தார். தாடைமீன் முட்டைகளின் மேலே மெல்லிய நூல்கள் இருக்கின்றன. ஒன்றோடொன்று பின்னி, முட்டைகளை ஒரு உருண்டையாகப் பிடித்துவைப்பவை அவை. வேறு சில பவளப்பாறை மீன் குடும்பங்களிலும் முட்டை மேற்பரப்பு இதை ஒத்திருந்தது. பிறகு 2012இல் பீட்டர் வெய்ன்ரைட்டும் கூட்டாளிகளும் மரபணுக்களை வைத்து ஒரு பெருங்குழுவைக் கண்டு, ஓவலென்டாரியா என்று பெயர் வைத்தார்கள். 'ஒட்டும் முட்டை' என்று பொருள். கிட்டத்தட்ட ஐயாயிரம் இனங்கள். தாடைமீன் அதற்குள் இருந்தது.

கூட யார் யார் என்று பட்டியலைப் பார்த்தேன். முரல். பறவைக்கோலா. கப்பி. நீமோ படத்துக் கோமாளிமீன். மடவைகூட. அது மிதக்கும் முட்டையைக் கடலில் கொட்டிவிட்டுப் போகிற மீன், நூலும் இல்லை ஒன்றும் இல்லை, ஆனாலும் மரபணு இங்கேதான் சேர்க்கிறது. அப்புறம் சிக்லிட் குடும்பம். அதற்குள் ஜிலேபி.

அம்மா சொன்ன காரணம் தவறு. வாயில் அடைகாப்பது இரண்டிலும் தனித்தனியாக வந்த பழக்கம். ஆனால் சொன்ன உறவு சரி. போனில் கூப்பிட்டுச் சொன்னேன். "நாந்தான் அன்னைக்கே சொன்னேனே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வேலைக்குப் போகலையாய்யா இப்ப?" என்றாள். சொல்லிவிட்டேன்.

ஓவலென்டாரியாவுக்குள் தாடைமீனுக்குச் சரியான இடம் எது என்பதில் அப்புறமும் இழுபறி. சில பட்டியல்கள் இப்போது பிளெனி மீன்களின் வரிசையில் வைக்கின்றன. 2013, 2017 பட்டியல்களில் எந்த வரிசையிலும் போடாமல், பெயருக்குப் பக்கத்தில் 'இன்செர்ட்டே செடிஸ்' என்று எழுதியிருந்தார்கள். லத்தீனில் 'இருக்கை உறுதியில்லை'. விசாவுக்கு வைத்திருந்த எக்செல் ஷீட்டில் ஸ்டேட்டஸ் என்ற பத்தி காலியாக இருந்தது. அதில் இதை டைப் செய்து வைத்தேன். மனைவி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அழித்தும் விடவில்லை.

நான்காவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிவியேரா பீச்சுக்குப் போனோம், ஒரு மணி நேரம் வடக்கே. ப்ளூ ஹெரான் பாலத்துக்குக் கீழே ஃபில் ஃபாஸ்டர் பூங்கா. கடல் ஏற்றம் உச்சத்தில் நிற்கும் நேரத்தில் தண்ணீர் தெளிந்துவிடும், முகமூடியும் குழலும் மாட்டிக்கொண்டு மிதந்தால் போதும். இரண்டாள் ஆழத்தில் கல்லும் மணலுமான தரை. ஒரு வளைக்கு மேலே தாடைமீன் நின்றுகொண்டிருந்தது. கன்னம் உப்பி, வாய் மூடவே முடியாமல் இருந்தது. மூச்சைப் பிடித்துக் கீழே இறங்கினேன். வாய் நிறைய முட்டைகள். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் வெள்ளிப் புள்ளிகளாகக் கண்கள். பொரிப்பதற்கு ஓரிரு நாள்தான் இருந்திருக்க வேண்டும். திடீரென்று அத்தனையையும் வெளியே துப்பி, உருண்டை கலையும் முன்னால் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டது. எல்லா முட்டைக்கும் புதுத் தண்ணீர் பட வேண்டுமே, அதற்காக. அந்த ஒரு நொடி உருண்டை சிதறாமல் இருந்தது நூலால்தான். மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இறங்கினேன். அப்படி எத்தனை முறை என்று தெரியாது. கரைக்கு வந்தபோது மனைவி துண்டைப் போர்த்திவிட்டு, "போயிடலாமா?" என்றாள். வீட்டுக்கா என்று கேட்டேன். "ஊருக்கு" என்றாள்.

நாற்பத்தேழாவது நாள் முடிவெடுத்தோம். கார், சோபா, கட்டில் எல்லாம் சுலபமாகப் போயின. மீனை ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். தொட்டிக்கு நல்ல மூடி இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டேன். தாடைமீன் பயந்தால் துள்ளும், சின்ன இடுக்கு இருந்தாலும் தரையில்தான் கிடக்கும். முதல் வருஷம் ஒரு மீனை அப்படித்தான் இழந்தேன். மூடியில் ஒயர் போவதற்கு நான் வெட்டிய இரண்டு விரல் அகல ஓட்டை.

வளையில் இருக்கும் மீனை வலை போட்டுப் பிடிக்க முடியாது. தண்ணீரை இறக்கிவிட்டு, டம்ளரால் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளினோம். நான் அள்ள அள்ள அது உள்ளேயிருந்து மணலை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. சரிவதைச் சரிசெய்கிறது. கடைசிக் கல் விழும்வரை வெளியே வரவில்லை. வந்தபோது மனைவி வாளியை நீட்டினாள், தானாகவே அதற்குள் போய் மூலையில் வாலை மடக்கி நின்றது. வளையிலிருந்து எடுத்த கற்களையும் சிப்பிகளையும் அவள் எண்ணி ஒரு டப்பாவில் போட்டாள். அறுபத்து மூன்று. பழகிய கல் என்றால் சீக்கிரம் வீடு கட்டிக்கொள்ளும் என்பது எங்கள் கணக்கு.

கோவில்பட்டி வந்து இரண்டு வாரம் கழித்து ஆசிரியையிடமிருந்து செய்தி வந்தது. மீன் நலம், வளை முடிந்துவிட்டது, எங்கள் கற்களில் ஒன்றைக்கூட அது எடுக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு மூலையில் கொண்டுபோய்த் துப்பிவிட்டு, அவர் தொட்டியில் ஏற்கெனவே கிடந்த நத்தை ஓடுகளால் கட்டியிருக்கிறது. படம் ஒன்றும் அனுப்பியிருந்தார்.

அம்மா வாசலில் முரல் ஆய்ந்துகொண்டிருந்தாள். போனைக் காட்டினேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அறுபத்து மூணுல ஒன்னுகூடவா பிடிக்கல அதுக்கு?" என்றாள். பிறகு இன்னொரு தரம் பார்த்து, "முழிக்கிறது மட்டும் அப்படியேதான் இருக்கு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.