விளக்குக்காரர்களின் பகல்

தாம்பரத்தில் குருவாயூர் எக்ஸ்பிரஸைப் பிடித்தால் மறுநாள் விடிவதற்குள் எர்ணாகுளம். அங்கே வெல்லிங்டன் தீவுக் கப்பல்துறையில் லட்சத்தீவுக் கப்பல் ஏறி, சுமார் 400 கிலோமீட்டர் அரபிக் கடலைத் தாண்டினால் மினிக்காய். வழி சொல்ல இவ்வளவுதான். கிளம்புவதற்கு முன் இருக்கிறது பாடு. நுழைவு அனுமதி வேண்டும், அதற்குக் காவல்துறைச் சான்று வேண்டும், அனுமதி கிடைக்கிற தேதியில் கப்பலில் இடமும் வேண்டும். எதற்கு இத்தனை அலைச்சல் என்று கேட்ட உறவினர்களிடம், ஒரு லைட் ஹவுஸைப் பார்க்க என்றேன். "அது மகாபலிபுரத்துலயே இருக்கே!" என்றார்கள்.

இருக்கிறதுதான். தாம்பரம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் முதல் கலங்கரை விளக்கம் அதுதான். குன்றின் மேலுள்ள ஒலக்கணேஸ்வரர் கோயிலின் மேல்தளத்தில்தான் 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் விளக்கு வைத்திருந்தார்கள். பக்கத்தில் நிற்கும் கருங்கல் கோபுரம் 1904 முதல் எரிகிறது. பாதுகாப்புக் காரணத்தால் பத்து வருடம் பூட்டிக் கிடந்ததை 2011இல் மறுபடி திறந்துவிட்டார்கள். ஏறுகிறோம், காற்று வாங்குகிறோம், படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறோம். அந்த விளக்கை யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்ற நினைப்பே எனக்கும் வந்ததில்லை, சேலையூரில் எங்கள் தெருவுக்கு அந்தப் பெரியவர் குடிவரும்வரை.

லைட் ஹவுஸ் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாதி சர்வீஸ் தீவுகளில் கழிந்தது. மாலையில் கேம்ப் ரோடு பக்கம் நடந்துவிட்டு வந்து வாசல் திண்ணையில் உட்காருவார். ராத்திரி முழுக்க விழித்திருந்து விளக்கைப் பார்த்துக்கொள்வது கஷ்டமாக இல்லையா ஐயா என்று ஒருமுறை கேட்டேன்.

"லைட்டு ராத்திரி எரியும்மா. வேலை பூரா பகல்லதான்" என்றார்.

அந்தப் பகலை அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். விடிந்து விளக்கை அணைத்ததும் முதல் காரியம், லென்ஸ் அறையைச் சுற்றித் திரையை இழுத்து மூடுவது. மூடாவிட்டால் வெயில் உள்ளே புகுந்து, அந்த லென்ஸே பூதக்கண்ணாடியாகி, நடுவில் இருக்கும் பர்னரைப் பொசுக்கிவிடும். கப்பலுக்கு ஒளியை அனுப்பும் அதே கண்ணாடி, சூரியன் ஏறியதும் திரும்பி நம்மையே சுடும். பிரெஞ்சுக்காரர் ஃபிரெனல் கண்டுபிடித்த அமைப்பு அது. 1823இல் கோர்துவான் என்ற பிரெஞ்சுக் கடல் விளக்கில் முதன்முதலாக ஏறி, பிறகு உலகமெங்கும் போனது. அடுக்கடுக்கான பட்டகங்கள் ஒரு சின்னத் தீயை ஒன்றாகத் திரட்டிக் கடலுக்கு மேல் கிடையாகத் தள்ளும். அதில் ஒரு விரல் ரேகை பட்டிருந்தாலும் ஒளி அந்த அளவுக்குக் குறையும். அதனால் தினமும் மெல்லிய துணியால் ஒவ்வொரு பட்டகமாகத் துடைக்க வேண்டும். துடைக்கும்போது சட்டையில் பித்தளைப் பொத்தான் கூடாது, கையில் மோதிரம் கூடாது. கீறல் விழுந்தால் விழுந்ததுதான்.

மண்ணெண்ணெய் காலத்தில் வேலை இன்னும் கூடுதல். எண்ணெயை வடிகட்டி, கேன் கேனாகத் தோளில் படியேற்றி, தொட்டியில் அழுத்தம் ஏற்றி, மேண்டில் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து வைக்க வேண்டும். பல டன் எடையுள்ள லென்ஸ் சுழல்வது ஒரு தொட்டிப் பாதரசத்தின் மேல் மிதந்துகொண்டு. அதனால்தான் விரலால் தள்ளினால்கூட நகரும். பாதரசத்தில் தூசி படிந்தால் சுற்று மந்தமாகும், துணியில் ஊற்றி வடிகட்டுவார்கள். அந்த ஆவி நரம்பைத் தின்னும் என்பது பலருக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. பெரியவர் தன் கையை நீட்டிக் காட்டினார், லேசாக நடுங்கியது. "வயசா, பாதரசமா, யாருக்குத் தெரியும்" என்றார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

சுழற்றுவது கடிகாரப் பொறி. கோபுரத்தின் நடுவே தொங்கும் எடைக்கல் இறங்க இறங்கச் சக்கரம் சுற்றும், அடியைத் தொடுவதற்குள் கையால் சுற்றி மேலே ஏற்ற வேண்டும். ராத்திரியில் இருந்த பெரிய வேலை அதுதான். ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு தாளம் உண்டு. நம் மெரினா விளக்குக்குப் பத்து நொடியில் இரண்டு மின்னல். கடலில் வருகிறவர்கள் அதை வைத்துத்தான் எந்தக் கரை என்று கண்டுகொள்கிறார்கள். தாளம் பிசகினால் வேறு ஊர் என்று நினைத்துத் திரும்பிவிடலாம். அதனால் ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்ப்பார்களாம்.

இதையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவருடைய மனைவி உள்ளிருந்து வந்து நிற்பார். ஒருநாள் அவர் பேச ஆரம்பித்தார். அதற்குப் பிறகு நான் அந்தத் திண்ணைக்குப் போனதெல்லாம் அந்த அம்மாவுக்காகத்தான்.

"உப்புக் காத்துல வடாம் காயவே காயாதும்மா. பிழிஞ்சு ரெண்டு நாள் ஆனாலும் பசையாவே கிடக்கும். உப்பு ஜாடியில தண்ணி நிக்கும். தீக்குச்சி பத்தாது. குடைக் கம்பி, தாழ்ப்பாள், ஊசி, எல்லாம் துரு. நான் ஊசியைத் தேங்காயெண்ணெயில போட்டு வெச்சிருப்பேன்."

சாமான் வரும் படகு எப்போது வரும் என்று தெரியாது. மழைக்காலத்துக் கடல் கொந்தளித்தால் வரவே வராது. மழைநீரைத் தொட்டியில் பிடித்து, ஆளுக்கு இத்தனை குடம் என்று வைத்துக்கொள்வார்கள். புளி, மிளகாய், பருப்பு மூட்டையாக வாங்கி, வண்டு வைக்காமல் காப்பாற்றுவது அந்த அம்மாவின் பொறுப்பு. பெரிய பையனுக்கு ஐந்து வயதானதும் மேற்குத் தாம்பரத்தில் பாட்டி வீட்டில் விட்டுவிட்டார்கள். படிப்புக்கு வேறு வழியில்லை. கடிதங்கள் கப்பலோடு கட்டாக வரும். தேதிப்படி அடுக்கி, ஒரு நாளைக்கு ஒன்று என்று பிரிப்பாராம். "எல்லாத்தையும் ஒரே நாள்ல படிச்சுட்டா, அடுத்த கப்பல் வரைக்கும் என்ன பண்றது?"

கணவருக்குக் காய்ச்சல் கண்ட இரவுகளில் எடைக்கல்லை ஏற்றியதும் இவர்தான். பதிவேட்டில் கணவர் பெயர்தான் இருக்கும். விளக்கு எரிந்தது என்றிருக்கும். கலங்கரை விளக்க வரலாறுகளை நான் தேடித்தேடிப் படித்திருக்கிறேன். 1838இல் இங்கிலாந்தின் லாங்ஸ்டோன் விளக்கிலிருந்து அப்பாவோடு படகு வலித்துப் போய், உடைந்த கப்பலிலிருந்தவர்களை மீட்ட கிரேஸ் டார்லிங் போல ஒன்றிரண்டு பெண்கள் பெயர் வரும். மற்றவர்கள் "குடும்பம்" என்ற ஒரு சொல்லுக்குள் போய்விடுகிறார்கள். இரண்டு பேர் செய்த வேலைக்கு ஒருவர் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதே என் எண்ணம்.

இந்தத் திண்ணைப் பேச்சுதான் என்னையும் என் கணவரையும் மினிக்காய்க் கப்பலில் ஏற்றியது.

கப்பலிலிருந்து முதலில் கண்ணில் படுவது தீவு இல்லை, கோபுரம். தென்னை உயரத்துக்கு மேல் எதுவும் இல்லாத, கடல் மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் பவளத் திட்டு அது. பக்கத்தில் வந்த பிறகுதான் கரை என்ற ஒன்று தெரிகிறது. இருட்டில் வருகிற மாலுமிக்கு இது என்னவாக இருந்திருக்கும் என்று அப்போது புரிந்தது. 1862இல் பி அண்ட் ஓ கம்பெனியின் 'கொழும்பு' என்ற நீராவிக் கப்பல் இந்தப் பாறைகளில்தான் மோதி உடைந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவிலிருந்து இலங்கைக்கும் மலாக்காவுக்கும் போகிற கப்பல்கள் எல்லாம் இந்த வழியைப் பிடித்தன. வடக்கே ஒன்பது டிகிரிக் கால்வாய், தெற்கே மாலத்தீவுக்கும் இதற்கும் நடுவில் எட்டு டிகிரிக் கால்வாய். 1885இல் விளக்கு ஏறியது. பார்த்துக்கொண்டது கொழும்பிலிருந்து நடந்த இம்பீரியல் லைட் ஹவுஸ் சர்வீஸ். நாடு விடுதலையான பிறகும் அப்படியே தொடர்ந்து, 1956இல்தான் இந்தியா கைக்கு வந்தது.

ஊரைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை அங்கேயே நின்றுவிடும். மாலத்தீவுக்காரர்களின் மொழிதான் இங்கும். ஆண்களில் பலர் உலகக் கப்பல்களில் வேலைக்குப் போய்விடுவதால் வீடும் ஊர்க் காரியமும் பெண்கள் கையில். உயிருள்ள குஞ்சு மீனைக் கடலில் இறைத்து, சூரை மீன் கூட்டம் மேலே வந்ததும் தூண்டில் கழியால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகுக்குள் எறிகிறார்கள். அதை வேகவைத்து, புகை போட்டு, மரக்கட்டை போலக் காயவைத்தால் மாசி. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் சம்பந்தம் செய்தவர்களுக்கு இதன் மணம் தெரியும்.

தீவின் தென்கோடியில், வெள்ளையடித்த செங்கல் கோபுரம், நூற்றைம்பது அடிக்கும் மேல். உள்ளே வளைந்து ஏறும் படிகளில் முழங்கால் கெஞ்சியது. மண்ணெண்ணெய்க் கேனோடு இதில் ஏறியவர்களை நினைத்துக்கொண்டேன். மேலே வந்து மாடத்தில் நின்றால் தொடுவானம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தள்ளிப்போகிறது. ஒரு பக்கம் காயல், பச்சையும் நீலமுமாக, பாறைத் திட்டுக்குள் அடங்கிக் கிடக்கிறது. மறுபக்கம் கரை முடிந்த இடத்திலேயே ஆழ்கடல், கறுத்து.

எங்களை அழைத்துப் போன ஊழியர் இளைஞர், மலையாளமும் கொஞ்சம் தமிழும் பேசினார். பேசிக்கொண்டே வெளிக் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தார். துணியை நக்கிப் பார்க்கச் சொன்னார், உப்பு. காலையில் துடைத்தது மதியத்துக்குள் மறுபடி படிந்திருந்தது. இப்போது மின்சாரம், பேட்டரி, ஜெனரேட்டர் எல்லாம் உண்டு, எடைக்கல்லை யாரும் சுற்றுவதில்லை. கண்ணாடியை மட்டும் கையால்தான் துடைக்க வேண்டியிருக்கிறது. பேட்டரி முனையில் பூக்கும் உப்பையும் துருவையும் சுரண்ட வேண்டியிருக்கிறது. சேலையூர்ப் பெரியவர் சொன்னது இங்கே எழுத்துக்கு எழுத்து நடந்துகொண்டிருந்தது.

தானியங்கி ஆகிவிட்டால் ஆள் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. பிரிட்டனில் 1998இல் கடைசி விளக்குக்காரரும் வெளியேறிவிட்டார். ஆனால் ஆஸ்திரேலியாவில், டாஸ்மேனியாவுக்குத் தெற்கே மாட்சூய்க்கர் என்ற தீவில் விளக்கைத் தானியங்கி ஆக்கிய பிறகும் ஆள் வைத்திருக்கிறார்கள். தன்னார்வலர்கள் இரண்டு பேர், ஆறு மாதத்துக்கு ஒரு ஜோடி, பழைய வீடுகளைப் பழுது பார்த்துக்கொண்டு, வானிலையைக் குறித்து அனுப்பிக்கொண்டு இருக்கிறார்கள். ஆள் இல்லாத கட்டடத்தைக் கடல் எத்தனை சீக்கிரம் தின்னும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆளே இருக்க வேண்டும் என்றால் எத்தனை பேர் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1801 வாக்கில் வேல்ஸ் கடற்கரைக்கு அப்பால் ஸ்மால்ஸ் என்ற பாறை விளக்கில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் இறந்துபோனார். கடலில் போட்டால் கொலைப்பழி வருமோ என்று பயந்து, மற்றவர் பெட்டி செய்து, உடலை வெளியே கட்டிவைத்துவிட்டு, புயல் ஓயும்வரை வாரக்கணக்கில் தனியாக விளக்கேற்றினார். ஒரு ராத்திரியும் அணையவிடவில்லை. அதன் பிறகுதான் மூன்று பேர் என்று விதி வந்தது.

நம் நாட்டுக் கதை இதைவிடக் கொடியது. கிரேட் நிக்கோபாரின் தென்முனையில், இந்திரா முனையில், 1972இல் ஒரு விளக்கு ஏற்றினார்கள். இந்தியாவின் தெற்குக் கடைசி நிலம் அது. 2004 டிசம்பர் 26 அன்று பூகம்பத்தில் அந்த நிலமே நான்கு மீட்டருக்கு மேல் கீழே இறங்கியது. பின்னாலேயே அலை வந்தது. அங்கே குடியிருந்தவர்கள் பலர் போய்விட்டார்கள். கோபுரம் மட்டும் அடி நனைய நின்றது. மெரினாவிலும் கடலூரிலும் நாகப்பட்டினத்திலும் இறந்தவர்களுக்கு நாம் ஆண்டுதோறும் பூத்தூவுகிறோம். விளக்கைப் பார்த்துக்கொள்வதற்காகக் குடும்பத்தோடு அந்த முனைக்குப் போனவர்களையும் அன்றைக்குச் சேர்த்து நினைக்க வேண்டும்.

2024 பிப்ரவரியில் தூத்துக்குடியில் நடந்த விழாவில் 75 கலங்கரை விளக்கங்களில் சுற்றுலா வசதிகளைப் பிரதமர் திறந்துவைத்தார். மக்கள் வரட்டும், நல்லதுதான். ஆனால் மேலே ஏறுகிறவர்களுக்கு உயரத்தையும் கட்டிய ஆண்டையும் மட்டும் பலகையில் எழுதி வைத்தால் போதாது. திரை எப்படி இழுத்தார்கள், பாதரசத்தை யார் வடிகட்டினார்கள், தொட்டித் தண்ணீர் எத்தனை குடும்பத்துக்குப் பங்காயிற்று, பிள்ளைகளை எங்கே விட்டுவிட்டு வந்தார்கள் என்பதும் அங்கே இருக்க வேண்டும். சொல்லக்கூடியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டார்கள், ஒலிப்பதிவுக் கருவியோடு யாராவது போக வேண்டும், சீக்கிரம்.

கீழே இறங்கியதும் அந்த இளைஞரிடம் அவர் குடும்பம் எங்கே என்று கேட்டேன். மனைவியும் குழந்தையும் கண்ணூரில். தினமும் வீடியோவில் பேசிக்கொள்கிறார்கள், சிக்னல் இருந்தால். மகள் அடுத்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு. இடமாற்றத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார். கிடைக்குமா என்று கேட்டதற்கு, "நோக்கணும், சேச்சி" என்று சொல்லிவிட்டு ஜெனரேட்டர் அறைக்கு டீசல் அளவு பார்க்கப் போனார். சாயங்காலம் விளக்கு எரிய இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.