புழுக்கையில் தொடங்கும் பாடம்

சீமைக்கருவேலத்தைப் பற்றிப் பேச எந்த ஊருக்குப் போனாலும் எனக்கு முன்பே வாட்ஸ்அப் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த மரத்தடியில் மாட்டைக் கட்டினால் மலடாகிவிடும். நிலத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும், அதனால்தான் இந்தச் சீமையில் மழையே இல்லை. பிராணவாயு விடாது, கரியமில வாயுவைத்தான் விடும். கேரளாக்காரன் விவரமானவன், ஒரு மரம்கூட விட்டுவைக்கவில்லை. இவ்வளவையும் என்னிடமே ஒப்பித்துவிட்டு, "சரிதானே சார்?" என்று கேட்பார்கள்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் என் வேலை சுலபமாகிவிடும். மரத்தை ஒழிக்கத்தானே வந்திருக்கிறேன், வெறுப்பு தயாராகவே இருக்கிறது. என்னோடு சனி ஞாயிறுகளில் வரும் பிள்ளைகளில் சிலரும் "நல்ல காரியத்துக்குத்தானே சார், விடுங்க" என்பார்கள். நான் விடுவதில்லை. கூட்டத்தில் பின்வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் ஆட்டுக்காரர் வாழ்நாள் முழுக்க அந்த மரத்து நிழலில்தான் ஆட்டை மடக்குகிறார். அவர் ஆடுகள் வருடம் தவறாமல் குட்டி போடுகின்றன. மலட்டுக் கதையைக் கேட்டதும் அவர் சிரிப்பார். அதற்குப் பிறகு நான் சொல்லும் உண்மையும் அந்தச் சிரிப்போடு சேர்ந்து போய்விடும். எனக்கு வேண்டிய ஆளே அவர்தான்.

உண்மையான குற்றப்பட்டியலே போதுமான அளவு நீளம். கண்மாய் உள்வாயை இந்த மரம் அடைத்துக்கொள்கிறது. வரத்துக்காலில் முளைத்து, வருகிற கொஞ்சத் தண்ணீரையும் மறிக்கிறது. ஆழ வேரோடி நிலத்தடி நீரைக் குடிக்கிறது. தன் அடியில் புல்லை வரவிடுவதில்லை. நாலைந்து வருடம் தரிசாகக் கிடந்த புஞ்சையைக் காடாக்கிவிடுகிறது. இவை ஒவ்வொன்றையும் ஊர்க்காரரை அழைத்துப்போய்க் கையால் தொட்டுக் காட்டலாம். காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைக் கெடுக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. பிராணவாயு விஷயம் ஏழாம் வகுப்புப் பாடத்திலேயே தீர்ந்துபோனது, பச்சை இலை எந்த மரத்தில் இருந்தாலும் வெயிலில் ஒரே வேலையைத்தான் செய்கிறது.

பயத்தால் கூடுகிற கூட்டம் ஒரு நாளோடு கலைந்துவிடும் என்பதை எங்கள் இராமநாதபுரம் பக்கம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது வழக்கறிஞர்களும் மாணவர்களும் அரிவாளோடு இறங்கினார்கள். ஜேசிபிகள் கண்மாய்களுக்குள் போயின. அதே வருடம், அறிவியல் ஆய்வு இல்லாமல் வெட்டக் கூடாது என்று இடைக்காலத் தடையும் வந்தது. பத்திரிகைகளில் படம் வந்த இடங்கள் சிலவற்றை அடுத்த ஐப்பசி மழைக்குப் பிறகு நடந்து பார்த்தேன். வெட்டிய தூர் ஒவ்வொன்றிலும் ஒரு தண்டுக்குப் பதில் நாலைந்து போத்து கிளம்பியிருந்தது. இயந்திரம் தோண்டிய குழிகளில் ஈரம் தங்கி, அந்த ஈரத்தில் புதுக் கன்றுகள் முளைத்திருந்தன. துளிர்த்ததைப் பிடுங்க யாரும் திரும்பி வரவில்லை, வரவேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவும் இல்லை.

பெரியவர்கள் வேறு மாதிரி மடக்குவார்கள். "ஏப்பா, இதை நட்டு வளருங்கன்னு சொன்னதும் உன்னைய மாதிரி படிச்ச ஆளுகதானே?" இந்தக் கேள்விக்கு நழுவக் கூடாது. அதனால் இப்போதெல்லாம் அவர்கள் கேட்கும் முன்பே அந்தக் கதையை நான் எடுத்துவிடுகிறேன். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென்னமெரிக்காவின் வடபகுதி ஆகியவைதான் இதன் சொந்த மண். 1876-ல் சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெட்டோம் என்ற அதிகாரி வறண்ட பகுதிகளுக்கு இது தோதான மரம் என்று விதை கேட்டு எழுதினார். அடுத்த வருடம் கடப்பைப் பக்கத்துக் கமலாபுரத்தில் நட்டார்கள். 1940-ல் ஜோத்பூர் சமஸ்தானம் இதை அரச மரியாதைக்குரிய மரமாக அறிவித்து, பாதுகாக்கும்படி குடிகளைக் கேட்டுக்கொண்டது. எங்கள் பக்கம் காமராசர் காலத்தில் வேலிக்கும் விறகுக்குமாக விதை தூவினார்கள் என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அவர்களையெல்லாம் முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். உவர் நிலத்திலும் பஞ்சத்திலும் வளர்ந்து அடுப்பெரிய விறகு கொடுத்த மரம் இது. அன்றைக்கு அதுவும் மக்களுக்குச் செய்த நல்ல பிரச்சாரம்தான். இதைச் சொன்ன பிறகு கூட்டத்தில் ஒரு மாற்றம் தெரியும். "சரி, இப்ப என்ன செய்யணுங்கிற?" என்பார்கள். அங்கிருந்துதான் பேச்சே தொடங்கும்.

செய்யவேண்டியதில் முக்கால்வாசி ஆட்டைப் பற்றியது. இந்த மரத்தின் இலையை ஆடு மாடு தொடாது, நெற்றை விடாது. சித்திரை, வைகாசியில் பூமியில் பச்சை என்று ஒன்றும் இல்லாத நேரத்தில் நெற்று மஞ்சளாகப் பழுத்து இனிப்பாக உதிர்ந்து கிடக்கும். உள்ளே இருக்கும் விதைக்குக் கடினமான தோல். மெல்லும்போது தப்பிய விதை குடலில் ஊறி, தோல் இளகி, எருவோடு சேர்ந்து எங்கோ ஒரு நிலத்தில் விழும். எங்கள் பக்கம் ஆடு மேய்க்கும் கீதாரிகள் ஊர் ஊராகக் கிடை போடுவார்கள். நிலத்துக்காரர் உரத்துக்காகக் காசு கொடுத்துக் கிடையை வரவழைக்கிறார், அந்தக் காசுக்கு விதையும் சேர்ந்து கிடைக்கிறது. சாலையோரம் நிற்கும் மரத்தை வெட்டிக்கொண்டே இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இந்த வழி கண்ணில் படுவதில்லை.

ஒரு கீதாரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நெத்தைத் திங்காதேன்னு ஆட்டுக்கிட்ட நீங்களே சொல்லிப் பாருங்க சார். நான் சொன்னாக் கேக்க மாட்டேங்குது." கூட இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும்தான். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கோடையில் வேறு தீவனம் காட்டாமல் நெற்றைத் தடுக்கச் சொல்வது பேச்சுக்கு ஆகாது.

அவரிடம் நேரே பேசி முடியாததை அவர் பேரன் மூலம் பேசினேன். நான் பள்ளி ஆசிரியன், எனக்கு அந்த வசதி உண்டு. கிடை போட்ட நிலத்திலிருந்து காய்ந்த புழுக்கை அள்ளிவந்து ஒரு தட்டில் மணலோடு பரப்பச் சொல்வேன். இன்னொரு தட்டில் நெற்றை உடைத்து எடுத்த விதையை அப்படியே போடவேண்டும். இரண்டுக்கும் தண்ணீர் தெளித்து வகுப்பு ஜன்னலில் வைப்போம். புழுக்கைத் தட்டில் முளை எட்டிப்பார்த்ததும் பிள்ளைகள் எண்ணத் தொடங்கிவிடுவார்கள். மற்ற தட்டு பெரும்பாலும் சும்மாவே கிடக்கும். புழுக்கைத் தட்டை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லிவிட்டு நான் பேசாமல் இருந்துவிடுவேன். தாத்தாவுக்குப் புழுக்கையைப் பற்றி என்னால் என்ன பாடம் எடுக்க முடியும்? தட்டைப் பார்த்தால் அவருக்கே தெரியும்.

ஊர்வலம், உறுதிமொழி, பதாகை இவற்றில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒரு விழாவுக்கு அடித்த ஃபிளெக்ஸ் அடுத்த மாதம் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகியிருந்தது. அந்த ஃபிளெக்ஸால் ஆட்டுக்காரருக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுவாகத்தான் இருக்கும்.

நெற்றுக்கு ஒரு வழி இருக்கிறது, ஆனால் லேசானதல்ல. உதிர்ந்த நெற்றைப் பொறுக்கி, நன்றாகக் காயவைத்து, அரைத்துப் போட்டால் விதை நொறுங்கிவிடும். ஆட்டுக்குச் சத்தான தீவனமும் ஆகும். ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனம் இந்த நெற்றுத் தீவனத்தில் வேலை செய்திருக்கிறது. அறிவு இருக்கிறது, அரைக்கும் இடம்தான் தடங்கல். நெற்றில் சர்க்கரை அதிகம். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அரைவைக் கல்லில் பிசின்போல ஒட்டிக்கொள்ளும். மிளகாயும் மல்லியும் அரைக்கும் ஊர் மில்லுக்காரர் ஒருமுறைதான் அனுமதிப்பார். உச்சி வெயிலில் காயப்போட்டு, தொட்டால் முறியும் பதத்தில் சூட்டோடு கொண்டுபோனால் ஓரளவு அரைபடும். இதைச் செய்து பார்த்த பெண்கள் சிலர் ஆட்டுக்கு வைக்கிறார்கள். பெரிய அளவில் நடக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

அடுத்தது அடையாளம். தன்னார்வலர்களை இறக்கிவிடுவதற்கு முன் அரை நாள் இதற்கு ஒதுக்குவேன். முள் இருக்கும் எதையும் பிடுங்கிவிடும் ஆர்வம் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. நாட்டுக்கருவேலத்துக்குப் பூ மஞ்சள் உருண்டை, காய் விதைக்கு விதை இறுகி மணி கோத்த மாதிரி இருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ விரல்போல நீண்டு தொங்கும், நெற்று பட்டையாக லேசாக வளைந்திருக்கும். பூவும் காயும் இல்லாத கன்றில்தான் சிக்கல். நாட்டுக்கருவேலத்தின் இலைக்காம்பில் கிளைகள் பல ஜோடி, சிற்றிலை மிகப் பொடி. சீமையில் கிளை ஒன்றிரண்டு ஜோடிதான், சிற்றிலை நீளம். வன்னி இன்னும் குழப்பும், இரண்டும் நெருங்கிய சொந்தம். வன்னியில் முள் தண்டெங்கும் சிதறி இருக்கும், சீமையில் இலை கிளம்பும் கணுவில் இருக்கும். கோயிலில் தலவிருட்சமாகக் கும்பிடும் வன்னியின் கன்றைக் கண்மாய்க்கரையில் பிடுங்கிப் போட்டால் ஊர்ப் பெரியவர்கள் மறுவாரம் எங்களை உள்ளே விட மாட்டார்கள்.

பிடுங்குவதற்குப் பருவம் உண்டு. வடகிழக்கு மழை ஓய்ந்து கரிசல் காலில் ஒட்டுவது நின்ற பிறகு, மண் இறுகுவதற்கு முன்பாக, மார்கழிக் கடைசியும் தையும். மேலே விரல் நீளம் தெரியும் கன்றுக்குக் கீழே பல மடங்கு வேர் போயிருக்கும். ஈரத்தில் அது முழுசாக வரும். மாசி பிறந்துவிட்டால் மண் சிமெண்டாகிவிடும், இழுத்தால் பாதியில் அறும், அறுந்தது மறுபடி கிளைக்கும். வளர்ந்த மரமானால் தரைக்கு மேலே வெட்டுவது முடி வெட்டிவிட்டதற்குச் சமம். துளிர்க்கும் மொட்டுகள் தூரின் கழுத்தில், மண்ணுக்குள் இருக்கின்றன. தோண்டி அதற்குக் கீழே வெட்டவேண்டும், அல்லது தூரோடு பெயர்க்கவேண்டும். புதிதாக வருகிறவர்கள் அரிவாளைத்தான் கேட்பார்கள். நான் கடப்பாரையைக் கொடுப்பேன். பாதிப்பேர் அடுத்த வாரம் வருவதில்லை. வருகிறவர்கள் பிறகு வருடக்கணக்கில் வருகிறார்கள்.

எல்லா இடத்திலும் வெட்டுங்கள் என்று நான் சொல்வதில்லை. இது என்னுடைய நண்பர்கள் சிலருக்குப் பிடிக்காது. முதுகுளத்தூர், கமுதி, கடலாடி பக்கம் மழை பொய்த்த வருடங்களில் கரிமூட்டம்தான் அடுப்பை எரிய வைத்தது. விறகை அடுக்கி, மேலே வைக்கோலும் ஈர மண்ணும் பூசி, காற்றை அளந்து விட்டு, புகையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லும் பெண்கள் அங்கே உண்டு. அந்தப் பெண்களிடம் போய் இந்த மரம் நாட்டுக்கு எதிரி என்று பேசியபோது ஒருத்தி சொன்னாள்: "நீங்க சம்பளம் வாங்குறீக சார். எங்களுக்கு இந்த முள்ளுதான் சம்பளம்." பட்டா நிலத்துக் காட்டை அவர்களுக்கு விட்டுவிட்டு, கண்மாய் உள்வாய், வரத்துக்கால், கலுங்கு, மடைவாய் ஆகியவற்றை மட்டும் சுத்தமாக வைப்போம் என்பதுதான் என் கணக்கு. 2022-ல் தமிழக அரசு அந்நியத் தாவரங்கள் குறித்துக் கொள்கை அறிவித்தபோது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அடியோடு ஒழிப்பது என்ற பேச்சு மேடைக்கு நன்றாக இருக்கும், இவ்வளவு பரவிய மரத்தில் அது நடக்காது.

பறவை கூடு கட்டும் கண்மாய்களில் கூடுதல் நிதானம் வேண்டும். சித்திரங்குடியிலும் கஞ்சிரங்குளத்திலும் நாரைகளும் கொக்குகளும் கருவேல மரங்களில்தான் கூடு வைக்கின்றன. கூடு இருக்கும் மரம் எந்த ஊர்க்காரன் என்று அவை கேட்பதில்லை. மாற்று மரம் வளர்ந்த பிறகே அங்கே கோடாரி.

வெட்டிய இடத்தை வெறுமையாக விட்டால் மண்ணில் பல வருடமாகக் கிடக்கும் விதைக்கு நாமே வெயில் காட்டியதாகிவிடும். கரையில் பனையும் புங்கனும், உள்வாயில் நாட்டுக்கருவேலமும் வைக்கிறோம். கன்று நடுவதற்கு ஆள் கிடைப்பது எளிது, புகைப்படம் உண்டு. சித்திரையில் குடம் தூக்க ஆள் கிடைப்பதுதான் கடினம். நூறு நாள் வேலைக்கு வந்த அக்காமார்கள் இல்லாவிட்டால் ஒன்றும் தேறியிருக்காது.

இப்போது நான் அதிகம் அலைவது ஏலத்துக்காக. கண்மாய் மரங்களை ஏலத்தில் எடுப்பவர் தரைக்கு மேலே வெட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். நாலு வருடத்தில் துளிர்த்து மறுபடி ஏலத்துக்கு வரும், எடுத்தவருக்கும் வசதி, வருமானம் பார்ப்பவர்களுக்கும் வசதி. தூரோடு எடுக்கவேண்டும் என்று ஏல நிபந்தனையில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கிராமசபைகளில் பேசிவருகிறேன். போன ஆகஸ்ட் 15 கூட்டத்தில் ஒரு வியாபாரி எழுந்து, அப்படியானால் பாதி விலைதான் கேட்பேன், தூர் தோண்டுகிற கூலியை யார் தருவார் என்றார். அவர் கேட்டதும் தப்பில்லை. கோயில் கொடைக்கு அந்த ஏலப்பணத்தை நம்பியிருக்கும் ஊர் அது. இரண்டு மணி நேரம் சத்தம் போட்டுவிட்டு, வரத்துக்காலுக்கு மட்டும் இந்த முறை தூரோடு, உள்வாய்க்கு அடுத்த முறை பார்க்கலாம் என்று எழுதினார்கள். தோண்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஊரிலிருந்து இரண்டு பேரைப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர், ஆட்டுக்கிட்ட நீங்களே சொல்லிப் பாருங்க என்ற அந்தக் கீதாரி.