அம்மாவின் நோட்டில் ஒரு அல்காரிதம்



"பொம்பளப் புள்ள கம்ப்யூட்டர் படிச்சு என்னடி பண்ணப் போறே?" என்று எங்கள் தெருவில் கேட்காதவர்கள் இல்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியதே நான்தான். அம்மா ஐந்தாவது வரை. வீட்டுத் திண்ணையில் ஒரே ஒரு தையல் மெஷின். அது ஓடினால்தான் எனக்கு ரெக்கார்டு நோட்டு.

தீபாவளி வந்தால் ஊருக்கெல்லாம் சந்தோஷம், எங்களுக்குப் பயம். 'முடியாது' என்ற வார்த்தை அம்மா வாயில் வராது. வந்த துணியையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்வார். போன வருஷம் இரண்டு ராத்திரி கண் விழித்தும் வேலை முடியவில்லை. ஒரு அக்கா வாசலில் நின்று போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. அம்மா தலை குனிந்து நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

இந்த வருஷம் வகுப்பில் கிரீடி அல்காரிதம் நடத்தினார்கள். அந்தந்தக் கட்டத்தில் எது நல்லதாகத் தெரிகிறதோ அதை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போகிற வழி அது. கெடு வைத்த வேலைகளை வரிசைப்படுத்தும் கணக்கு வந்ததும் எனக்கு அம்மாவின் நோட்டு ஞாபகம் வந்துவிட்டது. சாயங்காலம் அதை எடுத்துப் பிரித்தேன்.

தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. துணி வந்த வரிசை இதுதான். எதிர்வீட்டுப் பெரியம்மாவின் பட்டு ஜாக்கெட்டுகள், மூன்று நாள் வேலை, நாலாம் நாள் வேண்டும். டீச்சர் அக்காவின் லைனிங் ஜாக்கெட்டுகள், இரண்டு நாள் வேலை, மூன்றாம் நாள் வேண்டும். அப்புறம் ஒரு நாள் வேலைகள் மூன்று: சுடிதார் இரண்டாம் நாள், பாவாடை சட்டை நாலாம் நாள், ஆல்ட்ரேஷன் ஆறாம் நாள். கூட்டினால் எட்டு நாள் வேலை! கையிலோ ஆறே நாள்.

வந்த வரிசையில் தைத்தால் பெரியம்மாவுடையது ஒன்றுதான் நேரத்துக்கு முடியும். கெடு முந்தியதை முதலில் தைத்தால் இரண்டு முடியும். சின்ன வேலையை முதலில் முடித்தால் மூன்று. 1968-ல் மூர் என்பவர் வெளியிட்ட வழி வேறு. இன்று அதை மூர்-ஹாட்ஜ்சன் முறை என்கிறார்கள். கெடு வரிசையில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போ. எங்கே கெடு தவறுகிறதோ, அதுவரை சேர்த்ததில் எது நீளமான வேலையோ அதைத் தூக்கிக் கடைசியில் போடு. தள்ளுவது எப்படியும் ஒன்றுதான். பெரியதைத் தள்ளினால் மற்றவற்றுக்கு நிறைய நேரம் மிஞ்சும்.

போட்டுப் பார்த்தேன். சுடிதார் ஒன்றாம் நாள், டீச்சர் அக்காவுடையது மூன்றாம் நாள் முடிந்தது. அடுத்து பெரியம்மாவுடையதைச் சேர்த்தால் ஆறாம் நாள் ஆகிறது; கெடுவோ நாலாம் நாள். நீளமான வேலையும் அதுதான். தள்ளினேன். பாவாடை சட்டை நாலாம் நாள், ஆல்ட்ரேஷன் ஐந்தாம் நாள். ஐந்தில் நாலு நேரத்துக்கு முடிந்துவிட்டது!

துள்ளிக் குதித்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா தாளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"அட்மிஷனுக்கு ரெண்டாயிரம் குறைஞ்சப்போ கேக்காமலே கொண்டாந்து கொடுத்தது யாரு பாப்பா? அவங்களுதையா தள்ளச் சொல்ற?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. என் கணக்கில் பெரியம்மாவும் ஒன்று, ஆல்ட்ரேஷனும் ஒன்று. அம்மாவின் கணக்கில் அப்படி இல்லை. மறுநாள் லைப்ரரியில் தேடினேன். வேலைக்கு வேலை மதிப்பு வேறு என்று ஆகிவிட்டால் இந்த எளிய வழி செல்லாதாம். ரிச்சர்ட் கார்ப் என்ற அறிஞர் 1972-ல் பட்டியல் போட்ட 21 கடினமான கணக்குகளில் அதுவும் ஒன்று. எப்போதும் சீக்கிரமாகச் சரியான விடை தரும் வழி இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. ஐந்தாவது படித்த என் அம்மா அதற்குள்தான் தினமும் உட்கார்ந்து தைக்கிறார்!

ஆனால் தாள் வீண் போகவில்லை. எது தவறும் என்று ஆறு நாள் முன்னாடியே தெரிந்துவிட்டதே! அம்மா அன்று ராத்திரியே எதிர்வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"அக்கா, இந்தத் தடவை உங்களுது முடியாதுக்கா" என்றார். அந்த வார்த்தையை அம்மா வாயில் அன்றுதான் கேட்டேன்.

பெரியம்மா சிரித்தார். "இப்பவே சொன்னியே, அது போதும்டி. இருக்கறதைக் கட்டிக்கிறேன். கார்த்திகைக்குக் கொடு."

அந்தத் தீபாவளிக்கு அம்மா ராத்திரி தூங்கினார். வாசலில் சத்தம் இல்லை.

நண்பர்களே! ரெக்கார்டு, அசைன்மென்ட், செமினார் மூன்றும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும்போது நாமும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசி நாளில் சாக்கு தேடுகிறோம். முதல் நாளே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். எது முடியாது என்பதை அல்காரிதம் சொல்லும். அதை யாரிடம், எப்படிப் போய்ச் சொல்வது என்பதை நான் அம்மாவிடம்தான் படித்தேன்.