செம்பனைக் காட்டுக்குள் ஒரு வலைப்பந்துத் திடல்

தெலுக் இந்தானுக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் போய் நிற்பது சாய்ந்த கோபுரத்தின் முன்தான். 1885-ஆம் ஆண்டில் லியோங் சூன் சோங் என்ற சீனக் குத்தகையாளர் கட்டியது அது. உயரம் 25.5 மீட்டர். வெளியே நின்று எண்ணினால் எட்டு மாடி. உள்ளே மூன்றே மாடிதான். உச்சியில் தண்ணீர்த் தொட்டியை வைத்தார்கள். அடியிலோ சேற்று மண். கனம் தாங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, சாய்ந்தபடியே நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. அதைப் படம் பிடித்துக்கொண்டு, ஒரு தட்டு சீ சியோங் ஃபன் உண்டுவிட்டு, பொழுதோடு ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ திரும்பிவிடுகிறார்கள். அவர்களை நான் குறை கூறவில்லை. பார்க்க வேண்டிய கோபுரந்தான்.

ஆனால் அடுத்த முறை நீங்கள் வரும்போது அரை நாள் கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். பட்டணத்தின் சந்தடியைக் கடந்ததும் சாலையின் இருபுறமும் செம்பனை தொடங்கும். ஏதாவதொரு தோட்டத்துச் செம்மண் சாலையில் திரும்பிப் பாருங்கள். தரை ஒரே சமம். மேடு பள்ளம் கிடையாது. வரிசைக்கு வரிசை வாய்க்கால், வாய்க்காலோரம் கொக்குகள். இடையிடையே கம்பத்தின் மேல் மரப்பெட்டி ஒன்று தெரிந்தால் புறாக்கூடு என்று நினைத்துவிடாதீர்கள். எலியைப் பிடிக்க ஆந்தை வளர்க்கும் பெட்டி அது.

இன்னும் உள்ளே போனால் மாரியம்மன் கோயில். அதன் பக்கத்தில் எப்போதோ மூடிய ஆயாக் கொட்டகை. பழைய லயங்களில் இப்போது வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் குடியிருக்கிறார்கள். நம்மவர் வீடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பிள்ளைகளை வளர்க்கப் பலரும் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். சாலை முடியும் இடத்தில் இருக்கிறது தமிழ்ப்பள்ளி. 1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று சுமார் 530. அவற்றில் பல 150 பிள்ளைகளுக்கும் குறைவான சின்னப் பள்ளிகள். நான் ஆசிரியையாக இருப்பதும் அப்படி ஒன்றில்தான். மொத்தம் 41 பிள்ளைகள்.

பள்ளிக்குப் பின்புறம் ஒரு காலத்தில் பெரட்டுக் களம் இருந்தது. விடியுமுன் மண்டோர் பெயர் கூப்பிட, ஆட்கள் வரிசை பிடித்து நின்ற இடம். இன்று அங்கே சிமெண்டுத் தரை, வெள்ளைக் கோடுகள், இரண்டு கம்பங்கள், கம்பத்துக்கு ஓர் இரும்பு வளையம். தோட்டத்துப் பட்டறையில் தண்ணீர்க் குழாயை வெட்டி ஒட்டிச் செய்து தந்தார்கள். இதுதான் எங்கள் வலைப்பந்துத் திடல். உங்களைக் கூட்டிவர நினைத்த இடமும் இதுதான்.

கூடைப்பந்தை நீங்கள் பட்டணத்துச் சீனப்பள்ளிகளில் பார்த்திருப்பீர்கள். 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியாத மாணவர்களுக்காக, பழம் வைக்கும் இரண்டு கூடைகளை மேல்மாடத்தின் விளிம்பில் அடித்துத் தொடங்கிய ஆட்டம். அது கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய்ப் பெண்கள் கையில் வேறு உருவம் எடுத்தது. 1901-இல் அதற்கெனத் தனி விதிகள் அச்சாயின. அந்தப் பிள்ளைதான் வலைப்பந்து. 1960-இல் சில நாடுகளின் பிரதிநிதிகள் இலங்கையில் கூடித்தான் உலகம் முழுவதற்கும் ஒரே விதி வேண்டுமென்று முடிவு செய்தார்கள். 2017-இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் நம் மலேசியப் பெண்கள் இதில் தங்கம் வென்றார்கள்.

தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள வேற்றுமையை நீங்கள் கவனிக்க வேண்டும். கூடைப்பந்தில் கெட்டிக்காரி ஒருத்தி பந்தைத் தட்டிக்கொண்டே ஓடி, நான்கு பேரை ஏமாற்றி, தானே கூடையில் போட்டுவிடலாம். வலைப்பந்தில் அது நடக்காது. பந்து கைக்கு வந்தால் ஓடக்கூடாது. மூன்று விநாடிக்குள் இன்னொருத்திக்குக் கொடுத்தாக வேண்டும். திடல் மூன்று பாகம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே வீச்சாக எறியவும் கூடாது, ஒவ்வொரு பாகத்திலும் யாராவது ஒருத்தி கையில் பட்டே போகவேண்டும். ஏழு பேருக்கும் நெஞ்சில் எழுத்து எழுதிய துணி உண்டு. அந்த எழுத்துக்குரிய எல்லையைத் தாண்டினால் தவறு. வளையத்தில் பந்து போட இருவருக்கு மட்டுமே உரிமை. அவர்களோ தற்காப்புப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூட முடியாது.

யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தின் படத்தை வகுப்பில் ஒட்டி வைத்திருக்கிறேன். உயரம் இரண்டு மீட்டருக்கும் மேல்! 2018-இல் சிங்கப்பூரில் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அந்தக் குழுவில் பந்து போட்டவர். "அவ்வளவு உயரம் இருந்தால் நாமும் ஜெயிப்போம், டீச்சர்" என்றாள் ஒருத்தி. "அவ்வளவு உயரம் இருந்தாலும், யாராவது பந்தைக் கொண்டுவந்து கொடுக்கும்வரை அவர் தன் எல்லைக்குள்தான் நிற்க வேண்டும்" என்றேன்.

எங்கள் குழுவைப் பற்றிச் சொல்கிறேன். பெரிய பள்ளிகளில் ஐம்பது பேரை ஓடவிட்டுப் பன்னிரண்டு பேரைப் பொறுக்குவார்கள். 2023-இல் எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை இருந்த பெண் பிள்ளைகளே ஒன்பது பேர். ஒன்பது பேரும் குழு. தேர்வு என்பதற்கே இடமில்லை. குண்டானவள், மூச்சுத் திணறல் உள்ளவள், பந்தைக் கண்டால் கண்ணை மூடுகிறவள், எல்லாருக்கும் ஓர் எழுத்து உண்டு. நோய்த்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச்சில் பள்ளி மூடிய பிறகு, வளையம் துருப்பிடித்துக் கிடந்தது. 2022-இல் மறுபடியும் தொடங்கி, அவ்வாண்டு மாவட்டப் போட்டியில் ஒரு கோலுக்குப் பதினான்கு கோல் வாங்கித் திரும்பினோம். அந்த ஒரு கோலைப் பற்றியே வேனில் பேசிக்கொண்டு வந்தார்கள்!

பிள்ளைகளில் ஆறு பேர் பட்டண வீடமைப்பிலிருந்து வேனில் வருகிறவர்கள். மாலையில் பயிற்சி வைத்தால் யார் கொண்டுபோய் விடுவது? ஆகவே பள்ளி விட்டு, சோறு உண்டு, இரண்டு மணி வெயிலில்தான் பயிற்சி. வேன் அண்ணன் மூன்று மணிவரை காத்திருப்பார். அதற்கென்று ஒரு காசும் வாங்கமாட்டார். முதலில் வேனுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர், பிறகு கோட்டருகே வந்து நின்று பந்து பொறுக்கிப் போடத் தொடங்கினார்.

எறிவதும் பிடிப்பதும் எளிது. ஒரு மாதத்தில் வந்துவிடும். எனக்குப் பெரும்பாடாய் இருந்தது குரல். வலைப்பந்தில் இடம் பிடித்து நின்று "இங்கே!" என்று கூவ வேண்டும். கூவாவிட்டால் பந்து வராது. நம் வீடுகளிலோ, பொம்பளைப் பிள்ளை சத்தம் போடக் கூடாதென்று நடை பழகும்போதே சொல்லிவிடுகிறோம். பள்ளிக்கு வந்த பிறகு நாங்களும் "வகுப்பில் பேசாதே" என்கிறோம். பத்து வயதில் திடலில் கொண்டுவந்து நிறுத்திக் கத்து என்றால் எப்படிக் கத்துவாள்? நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி, சரியான இடத்தில் போய் நிற்பாள், வாயைத் திறக்கமாட்டாள். வருகைப் பதிவேட்டை அவள் கையில் கொடுத்து, திடலின் ஒரு முனையில் நிறுத்தி, மறுமுனையில் இருந்த எட்டுப் பேரின் பெயரையும் கூப்பிடச் சொன்னேன். தன் பெயர் கேட்டால்தான் ஒருத்தி கையை உயர்த்துவாள். முதல் நாள் இரண்டு கைதான் உயர்ந்தன. மூன்று வாரத்தில் எட்டும் உயர்ந்தன. மண்டோர்கள் பெயர் கூப்பிட்ட அதே களம் என்று நினைத்துக்கொண்டேன்.

விளையாட்டு ஒற்றுமையைக் கற்றுத்தரும் என்று மேடைகளில் பேசுவார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. ஏழு பேர் விளையாடி ஏழு பகை வளர்த்த குழுக்களையும் பார்த்திருக்கிறேன். பந்து கைநழுவியவளை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது எல்லாம். அதனால் ஒரே ஒரு சட்டம் வைத்தேன். பந்தைத் தவறவிட்டவளை யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். திட்டுவதற்கு மட்டுமல்ல, பரிதாபப்படுவதற்கும் தடை.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் 'சென்டர்' பள்ளிக்கு வரவில்லை. நடுவில் நின்று ஆட்டத்தை நடத்துகிறவள் அவள். ஆறாம் ஆண்டு, தோட்டத்து லயத்திலேயே பாட்டியோடு குடியிருந்தாள். தகப்பனார் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறவர். பெண் பருவமடைந்துவிட்டாள் என்று சேதி வந்தது. தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, இனிப் பள்ளிக்கு வருவாள், ஆனால் திடல் பக்கம் போகமாட்டாள் என்று தாயார் சொல்லியனுப்பினார்.

அன்று மாலையே போனேன். பாட்டி வாசலில் உட்கார்ந்திருந்தார். தாயார்தான் பேசினார்: "பெரிய மனுஷி ஆயிட்டா டீச்சர். குட்டைப் பாவாடையைக் கட்டிக்கிட்டு நாலு பேரு முன்னால குதிச்சா நல்லாவா இருக்கும்?"

நீளமான காற்சட்டை அணிந்தே விளையாடலாம், நடுவர்கள் பெண் ஆசிரியைகளே, நானும் கூடவே இருப்பேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தாயாரின் முகம் மாறவில்லை. அவர் கேட்டதிலும் குற்றம் காண முடியாது. ஊர் வாய்க்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

பாட்டி வெற்றிலையை மென்றுகொண்டே மருமகளைப் பார்த்துச் சொன்னார்: "நான் பெரிய மனுஷி ஆனப்போ எத்தனை நாளு உக்காந்திருந்தேன் தெரியுமா? விருந்து முடிஞ்ச மறுநாளே பால் வாளியத் தூக்கிட்டேன். தொரைக்கு அதெல்லாம் கணக்கில்ல. வேலைக்குப் போனா தப்பில்ல, வெளையாடப் போனா மட்டும் தப்பா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நானும் வரேன் டீச்சரம்மா. வேன்ல எடமிருக்குமா?"

இடம் இருந்தது. போட்டி நாளன்று பாட்டி புதுச் சேலை கட்டி, ஃபிளாஸ்கில் தே-ஓ ஊற்றிக்கொண்டு முன் இருக்கையில் ஏறிவிட்டார். பட்டணத்துப் பள்ளித் திடலில் பன்னிரண்டு குழுக்கள். மைலோ லோரியின் முன்னே நீண்ட வரிசை. எங்கள் ஒன்பது பேரும் சட்டைத் துணியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றார்கள்.

முதல் ஆட்டம் 3-11, தோல்வி. பாட்டிக்கு ஒரு கோபம். "எம் பேத்திதானே ஓடி ஓடிப் பந்த வாங்குறா, அவளே அந்த வளையத்துல போட்டா என்ன?" சென்டர் அரைவட்டத்துக்குள் போகக்கூடாது, போடும் உரிமை இருவருக்குத்தான் என்று விளக்கினேன். சற்று யோசித்தார். "அப்ப நம்ம பால்மரக் காட்டு வேல மாதிரின்னு சொல்லுங்க. வெட்டுறவ ஒருத்தி, கொட்டாயில நிறுக்கிறவரு ஒருத்தரு, ஒறைய வைக்கிறவரு ஒருத்தரு." ஆறு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிவந்த விளக்கங்கள் எதுவும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

இரண்டாம் ஆட்டத்தில் எங்கள் 'கோல் ஷூட்டர்' எறிந்த பந்து வளையத்தின் விளிம்பில் பட்டுப் பட்டு வெளியே விழுந்தது. வரிசையாக ஆறு முறை. எனக்கே நெஞ்சு படபடத்தது. பந்து போட உரிமையுள்ள மற்றவள் பக்கத்திலேயே, கையில் பந்தோடு நின்றாள், தானே எறிந்திருக்கலாம். ஆனால் ஷூட்டர் வளையத்துக்கு இன்னும் கிட்டத்தில் நின்றாள். ஏழாவது முறையும் பந்து அவளுக்கே போயிற்று. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விழுந்தது. அதற்குப் பிறகு மேலும் மூன்று. 6-4, வெற்றி. நடுப்பாகத்தில் நின்ற நான்காம் ஆண்டுப் பிள்ளை "இங்கே! இங்கே!" என்று கூவிய கூவல், மைலோ வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

மூன்றாம் ஆட்டம் 5-9 என்று போயிற்று. அரையிறுதிக்கு நாங்கள் தேர்வாகவில்லை. கிண்ணமும் இல்லை.

திரும்பும் வழியில் வேன் அண்ணன் கோபுரத்தின் முன்னே வண்டியை நிறுத்தினார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் பத்துக் கல் தொலைவில் வாழ்ந்த பாட்டி, அதை வண்டியிலிருந்து பார்த்ததோடு சரி, கிட்டே போய் நின்றதில்லையாம். பிள்ளைகள் அவரைக் கைபிடித்து அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டினார்கள். "விழுந்துடாதா?" என்று கேட்டார். "விழாது பாட்டி" என்று ஒன்பது குரல்கள் ஒரே நேரத்தில் கேட்டன.

நீங்கள் வருவதானால் செவ்வாய் அல்லது வியாழன், பிற்பகல் இரண்டு மணிக்கு வாருங்கள். குடை கொண்டு வாருங்கள். வெயிலுக்கும் உதவும், நான்கு மணி மழைக்கும் உதவும். அந்த ஒன்பது பேரில் நால்வர் 2024-இல் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். சென்டராக நின்ற பெண், புதிய பள்ளியிலும் குழுவில் சேர்ந்திருப்பதாகப் பாட்டி சொன்னார். எஞ்சியவர்கள் ஐவர். மூன்றாம் ஆண்டிலிருந்து இருவர் ஏறி வந்தார்கள். ஆக, சரியாக ஏழு பேர். போட்டியன்று யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாது, அவ்வளவுதான்.